கொக்குகள் கிளம்பும் பருவம்
தவாங் பள்ளத்தாக்கில் ஒரு பறவைக் கணக்கு

இமயமலையின் கிழக்குக் கோடியில், அருணாசலப் பிரதேசத்தின் தவாங் மாவட்டத்தில் ஜெமிதாங் என்றோர் எல்லைப்புற ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். திபெத்திலிருந்து இறங்கிவரும் நியாம்ஜாங் சூ ஆறு, மலைகளுக்கிடையே மோதிப் புரண்டு வந்து, இந்த ஊருக்கருகே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தூரம் மட்டும் அகன்று, கூழாங்கல் படுகையில் ஆழமின்றிப் பரவி ஓடுகிறது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரில் சில பெரிய பறவைகள் நிற்கும். சாம்பல் கலந்த வெண்ணிற உடல், கரிய தலையும் கழுத்தும், உச்சியில் சிவப்புத் திட்டு. நவம்பர், டிசம்பரில் வரும் இவை, மார்ச் மாதத்தில் பனி இளகத் தொடங்கியதும் வடக்கே கிளம்பிவிடும்.

கருங்கழுத்துக் கொக்கு என்பது இப்பறவையின் பெயர். நம் வயல்களில் நிற்கும் வெண்கொக்குக்கும் இதற்கும் உறவில்லை. உத்தரப் பிரதேச வயல்வெளிகளின் சாரசக் கொக்குக்குத்தான் இது பங்காளி. உலகில் இப்போது 10,000-க்கும் அதிகமாக இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ள இந்தக் கொக்குகளில் மிகப் பெரும்பாலானவை திபெத்தியப் பீடபூமியைச் சேர்ந்தவை. ஜெமிதாங்குக்கு வருபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் 780 மெகாவாட் திறனுள்ள ஒரு நீர்மின் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதி 2016-ல் தில்லியில் நிறுத்திவைக்கப்பட்டதற்கு அந்தச் சில பறவைகள் முக்கியக் காரணமாயின.

மலைகளில் குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் வாரங்களில் பறவைகளைத் தேடிச் செல்வது, தோளில் கேமராவும் கழுத்தில் பைனாகுலருமாக வசதி படைத்தோர் மேற்கொள்ளும் பொழுதுபோக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அது முற்றிலும் தவறான எண்ணம் என்று சொல்வதற்கில்லை. எனினும், எந்தப் பறவை, எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை என்று யாரோ ஒருவர் எழுதி வைப்பது அரசின் கோப்புகளுக்கு எதிரான சாட்சியமாகவும் மாறக்கூடும் என்பதற்குத் தவாங்கில் நடந்தவை எடுத்துக்காட்டு.

ஆறாவது தலாய் லாமாவின் பறவை

தவாங் மாவட்ட மக்களில் பெரும்பாலோர் பௌத்தர்களான மோன்பா பழங்குடியினர். அவர்களுள் ஜெமிதாங் பகுதியில் வாழ்வோர் பாங்சென்பா எனப்படுகின்றனர். 'பாவத்தைத் துறந்தவர்கள்' என்று அப்பெயருக்குப் பொருள் சொல்லப்படுகிறது. கருங்கழுத்துக் கொக்கு அவர்களுக்குப் புனிதமானது. தவாங்குக்கு அருகே உர்கெல்லிங்கில் 1683-ல் பிறந்த ஆறாவது தலாய் லாமா சாங்யாங் கியாட்சோவின் வடிவமாகவே அதைக் கருதுகின்றனர். அவர் கவிஞரும்கூட. லித்தாங் என்ற ஊரையும் ஒரு வெண்கொக்கையும் குறிப்பிடும் அவரது பாடலொன்று, அவரது மறுபிறப்பை முன்னறிவித்ததாக நம்பப்படுகிறது. ஏழாவது தலாய் லாமா லித்தாங்கில்தான் பிறந்தார்.

அரசியல் வரலாற்றிலும் இந்தப் பள்ளத்தாக்குக்கு இடமுண்டு. லாசாவிலிருந்து தப்பிய இன்றைய தலாய் லாமா, 1959 மார்ச் 31-ம் தேதி இந்திய எல்லைக்குள் காலடி வைத்தது ஜெமிதாங்குக்கு வடக்கேயுள்ள கின்சேமானே வழியாகத்தான். மூன்றாண்டுகள் கழித்து, 1962 அக்டோபர் 20-ம் தேதி சீனப் படை முதலில் தாக்கிய நாம்கா சூ ஓடையும் இதே பகுதியில்தான் உள்ளது. ஆகவே, இங்கே போடப்படும் ஒவ்வொரு சாலையும் பாலமும் பாதுகாப்பு விவகாரமாகவே பார்க்கப்படுகிறது. வெளிமாநிலத்தவர் எவரும் 1873-ம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வழங்கப்படும் உள்கோட்டு அனுமதிச் சீட்டு இல்லாமல் அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய முடியாது. தெற்கே வலசை செல்லும் கொக்குகளைக் காண இத்தனை தடைகளைக் கடந்து, அதுவும் ஜனவரிக் குளிரில், எத்தனை பேர் வருவார்கள்?

கொக்குகள் இரவில் ஆழமற்ற நீரில் நின்றபடி உறங்குகின்றன. நரியோ நாயோ தண்ணீரில் இறங்கி வந்தால் சலசலப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பதே அதன் காரணம். பகலில் படுகையிலும் அதையொட்டிய நிலங்களிலும் இரை தேடுகின்றன. செங்குத்தான மலைகள் நிறைந்த தவாங்கில் இத்தகைய இடங்கள் மிக அரிது. நியாம்ஜாங் சூ ஆற்றில் அந்த மூன்று கிலோமீட்டரை விட்டால் வேறு போக்கிடமில்லை.

நீர்மின் திட்டத்தின் கதவணை திட்டமிடப்பட்டதும் அதே இடத்தில்தான்.

கோப்பில் இல்லாத பறவை

தவாங் ஆற்றுப் படுகையில் மட்டும் 13 நீர்மின் திட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றான நியாம்ஜாங் சூ திட்டத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012 ஏப்ரல் 19-ம் தேதி அனுமதி வழங்கியது. ஜெமிதாங்கில் ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நீரைக் கொண்டுசென்று, வெகுதூரம் கீழே மின்சாரம் எடுப்பது திட்டம். அனுமதிக்கு அடிப்படையாக இருந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் கருங்கழுத்துக் கொக்கு பற்றிய குறிப்பே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாவது அட்டவணையில் இடம்பெற்ற பறவை அது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. ஒரு சமூகமே வணங்கும் பறவை, திட்டம் அமையவிருந்த இடத்திலேயே ஆண்டுதோறும் நின்றுகொண்டிருந்தது. அறிக்கை எழுதியோரின் கண்ணில் மட்டும் அது படவில்லை.

மோன்பா மக்கள், குறிப்பாகப் புத்தத் துறவிகள் திரண்டு அமைத்த 'சேவ் மோன் ரீஜன் ஃபெடரேஷன்' என்ற அமைப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. மேல்முறையீடு உரிய காலத்துக்குள் செய்யப்பட்டதா என்ற கேள்வியிலேயே வழக்கின் முதல் கட்டம் கழிந்தது. அனுமதி வழங்கப்பட்ட செய்தி தில்லியிலிருந்து தவாங் மலைக் கிராமங்களைச் சென்றடைய எத்தனை நாள் ஆகும் என்பதை அறிந்தோருக்கு அந்த வாதம் வேடிக்கையாக இருந்திருக்கும். 2013-ல் அந்தத் தடையைக் கடந்து வழக்கு விசாரணைக்கு வந்தது.

தில்லி கோபர்நிகஸ் மார்க்கில் உள்ள ஃபரீத்கோட் மாளிகையில் இயங்கும் தீர்ப்பாயம், 2016 ஏப்ரல் 7-ம் தேதி அனுமதியை நிறுத்திவைத்து உத்தரவிட்டது. தாக்க மதிப்பீட்டைப் புதிதாகச் செய்து மக்களிடம் மீண்டும் கருத்துக் கேட்க வேண்டும். கொக்குகளின் பாதுகாப்பு குறித்து டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தைக் கொண்டு தனியாக ஆய்வு நடத்த வேண்டும். அவற்றின் வாழிடம் காக்கப்பட ஆற்றில் எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதையும் கணக்கிட வேண்டும் என்றது உத்தரவு.

கொக்குகள் அங்கு வருவது தீர்ப்பாயத்துக்கு எப்படித் தெரிந்தது? ஊர் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனால் பாட்டி சொன்னது நீதிமன்றத்தில் செல்லாது. ஆண்டும் மாதமும் எண்ணிக்கையும் எழுத்தில் வேண்டும். உள்ளூர் மக்களும் உலக இயற்கை நிதியம் போன்ற அமைப்புகளின் களப் பணியாளர்களும் குளிர்காலந்தோறும் ஆற்றங்கரையில் நின்று எடுத்துவந்த கணக்குதான் அந்த இடத்தில் உதவிக்கு வந்தது. சில ஆண்டுகளில் ஓரிரு ஜோடிகள், சில ஆண்டுகளில் அதைவிடச் சற்று அதிகம். இத்தகைய சிறிய எண்கள் பொதுவாக யாருடைய கவனத்தையும் ஈர்ப்பதில்லை.

வெற்றி என்று இதைக் கொண்டாட அப்பகுதி மக்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய கூட்டமைப்பின் பொதுச் செயலர் லாமா லோப்சாங் கியாட்சோ அதே மாதம் 28-ம் தேதி கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி மே 2-ம் தேதி தவாங் காவல் நிலையத்தின் முன் திரண்டவர்கள் மீது போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஒரு துறவி உள்பட இருவர் இறந்தனர். அமைதிக்குப் பெயர்பெற்ற அந்த மலை நகரில் நிகழ்ந்த இச்சம்பவம், தமிழகம் உள்பட நாட்டின் பிற பகுதிகளில் பெரிதாகப் பேசப்படவில்லை.

பருவம் பிந்தி வருவோர்

பறவை ஆர்வலர்கள் மேற்கு அருணாசலத்துக்கு வரத் தொடங்குவது மார்ச் மாத இறுதியில். ஏப்ரலும் மே மாதமும் உச்சம். அதற்குக் காரணங்கள் உண்டு. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று அழைக்கப்படும் மரத்தின் இமயமலை உறவுகளான ரோடோடென்ட்ரான்கள் அப்போதுதான் மலைச்சரிவெங்கும் பூக்கின்றன. பூக்களில் தேன்சிட்டுகள் மொய்க்கின்றன. குளிருக்கு அஞ்சி அடிவாரத்துக்கு இறங்கியிருந்த சிறு பறவைகள், பனி விலக விலகப் படிப்படியாக மேலேறுகின்றன. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் வலசையைப் பற்றி அனைவரும் அறிவர். ஒரே மலையில் சில ஆயிரம் அடி இறங்கி ஏறும் இந்தச் சிறு வலசைதான் இமயத்தின் பெரும்பாலான பறவைகளுக்கு ஆண்டுச் சுழற்சி. ஆண் பறவைகள் பாடத் தொடங்குவதும் அப்போதுதான். பாடும் பறவையைக் கண்டுபிடிப்பது எளிது.

ஆனால் இந்த வழக்கத்தால் ஒரு பெரிய இடைவெளி விழுகிறது. வசந்தத்தைக் காண வருவோர் வந்து சேரும்போது கொக்குகள் கிளம்பிப் போயிருக்கும். அவை ஆற்றில் நிற்கும் மாதங்களிலோ, 13,700 அடி உயரத்தில் உள்ள சேலா கணவாய் பனியால் அடிக்கடி அடைபட்டுக் கிடக்கும். எனவே அம்மலைகளின் பறவைக் குறிப்பேட்டில் ஏப்ரல் பக்கம் நிரம்பி வழிய, ஜனவரிப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்ததில் வியப்பில்லை.

இது தவாங்கின் குறை மட்டுமன்று. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த மூன்று கோடிக்கும் அதிகமான குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 178 இனங்களுக்கு உடனடிப் பாதுகாப்புக் கவனம் தேவை என்றது. அரசு ஊழியர் எவரும் செய்ய இயலாத அளவுக்குப் பெரிய பணி அது. செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத சாதாரண மக்கள். ஆயினும் ஆர்வலர்கள் அதிகம் வாழும் நகரங்களையும் அவர்கள் விரும்பிச் செல்லும் சரணாலயங்களையும் சுற்றியே குறிப்புகள் குவிவது இயல்பு. மலைகளுக்கென்றே 2022 மே மாதத்தில் இந்தியா, நேபாளம், பூடான் ஆகிய மூன்று நாடுகளிலும் 'இமயமலைப் பறவைக் கணக்கெடுப்பு' தொடங்கப்பட்டது நல்ல முயற்சி. அதுவும் மே மாதத்தில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பறவை இல்லை என்பதும், பறவையைப் பார்க்க ஆள் இல்லை என்பதும் கோப்பில் ஒன்றுபோலவே தோன்றும். தவாங்கில் ஏற்பட்ட ஆபத்து இதுதான்.

கூடலூரில் தொடங்கிய வழக்கு

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தவாங்கிலிருந்து தெற்கே, மேற்கு காமெங் மாவட்டத்தில் உள்ள ஈகிள்நெஸ்ட் வனவிலங்குச் சரணாலயத்தைப் பார்க்கலாம். அக்கதையின் ஒரு நுனி தமிழகத்தில் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிக் காடுகளைக் காக்கக் கோரி டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, நாடு முழுவதற்குமான வழக்காக விரிந்தது. 1996 டிசம்பர் 12-ம் தேதி அதில் பிறப்பிக்கப்பட்ட இடைக்கால உத்தரவு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வதற்குத் தடை விதித்தது. அருணாசலத்தின் மர வியாபாரம் நின்றது. காடு தப்பியது; மரத்தை நம்பியிருந்த கிராமங்களின் வருவாயும் அத்துடன் போயிற்று. தீர்ப்பைப் பாராட்டியவர்கள் இரண்டாவது விளைவைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஈகிள்நெஸ்ட் காடுகளை ஒட்டி வாழும் சிறுபான்மைப் பழங்குடியினர் புகுன் இனத்தவர். புணேயைச் சேர்ந்த வானியலாளர் ரமணா ஆத்ரேயா, 1995-ல் தாம் அங்கு ஒரு கணம் பார்த்த, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சிறு பறவையை 2005-ல் மீண்டும் கண்டார். வலையில் பிடித்து அளந்து, படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை வைத்துக்கொண்டு பறவையைப் பறக்கவிட்டார். புதிய இனம் ஒன்றை அறிவிக்க அதைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பதே மரபு. இருப்பவை மிகச் சில என்பதால் அதைச் செய்ய அவர் மறுத்துவிட்டார். 2006-ல் முறைப்படி அறிவிக்கப்பட்ட அப்பறவைக்கு அம்மக்களின் பெயரே சூட்டப்பட்டது: புகுன் லியோசிக்லா. அது வாழ்வது சரணாலயத்துக்கு வெளியே, சிங்சுங் கிராமத்தாருக்குச் சொந்தமான காட்டில் என்பது விரைவில் தெரியவந்தது. 2017-ல் கிராமத்தார் தங்கள் நிலத்தில் 17 சதுர கிலோமீட்டரைச் சமூகக் காப்பகமாக அறிவிக்க இசைந்தனர். ஊர் இளைஞர்களே அதைக் காவல் காக்கின்றனர்.

மார்ச் முதல் மே வரை அங்கு உலகெங்குமிருந்து ஆர்வலர்கள் வருகின்றனர். கூடாரம், சமையல், வண்டி, வழிகாட்டி என ஊருக்கு வேலை கிடைக்கிறது. மரம் வெட்டியபோது கிடைத்த பணத்துக்கு இது ஈடாகுமா என்பது வேறு விஷயம். ஆண்டில் சில மாத வேலை. அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கொரோனா ஊரடங்கு விதிக்கப்பட்ட 2020-ல் சரியாக அந்த மாதங்களில்தான் நாடு முடங்கிப் போயிற்று. வருவோரிலும் எல்லோரும் ஒழுங்கானவர்கள் என்று கூறிவிட முடியாது. கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு, போட்டிக்கு வேறோர் ஆண் வந்துவிட்டதாக எண்ணி அது வெளியே வந்ததும் படமெடுப்பது பரவலான பழக்கம். மிகச் சிலவே எஞ்சியிருக்கும் ஓர் இனத்தின்மீது, கூடு கட்டும் பருவத்தில், இதைச் செய்வது வேட்டைக்கு ஓரளவுதான் மாற்று.

மறுபக்கம்

அணைகளை ஆதரிப்போரின் வாதத்தையும் புறந்தள்ள முடியாது. சொந்த வருவாய் குறைவான எல்லை மாநிலம் அருணாசலம். நீர்மின் திட்டம் அமைந்தால், உற்பத்தியாகும் மின்சாரத்தில் 12 சதவீதத்தை மாநிலம் இலவசமாகப் பெற்று விற்கலாம். சாலை வரும், மருத்துவமனை வரும் என்று எதிர்பார்க்கும் மக்கள் ஜெமிதாங்கிலும் இருந்தனர். நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்று கோருவோரே நீர்மின்சாரத்தையும் எதிர்க்கிறார்களே என்ற கேள்வியும் எழுப்பப்படுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்தப் பேரத்தை எடைபோட வேண்டுமானால் தட்டின் இரு பக்கத்திலும் உள்ளவை கணக்கில் வந்தாக வேண்டும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணை 1980-களில் கைவிடப்பட்டபோது, சிங்கவால் குரங்கைப் பற்றி அரசும் மக்களும் அறிந்த பிறகே விவாதித்து முடிவெடுத்தனர். நியாம்ஜாங் சூ கோப்பில் கொக்கின் பெயர்கூட இல்லை.

பூடானின் ஃபோப்ஜிகா பள்ளத்தாக்கிலும் இதே கொக்குகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கிராமங்களுக்கு மின்சாரம் வேண்டும். மின்கம்பிகளில் மோதிக் கொக்குகள் சாகவும் கூடாது. எனவே கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்துக் கொண்டுசென்றனர். செலவு கூடுதல்தான். ஆண்டுதோறும் நவம்பர் 11-ம் தேதி அங்குள்ள கங்தே மடாலயத்தில் கொக்குகளின் வருகைக்கு விழா எடுக்கப்படுகிறது. குளிர் தொடங்கும் காலத்தில் பயணிகளை வரவழைக்கவும் அவ்விழா உதவுகிறது.

தவாங்கிலும் நிலைமை மாறிவருகிறது. சேலா கணவாய்க்குக் கீழே குடையப்பட்ட சுரங்கப் பாதையைப் பிரதமர் மோடி 2024 மார்ச் 9-ம் தேதி திறந்துவைத்தார். ராணுவத்துக்காகப் போடப்பட்ட அப்பாதையால் இனி ஜனவரியிலும் தவாங்குக்குச் செல்லலாம். கொக்குகளைக் கணக்கெடுப்போருக்கு இது வசதி. கூட்டமும் குப்பையும் தெருநாய்களும் அதே பாதையில்தான் வரும்.

இதனிடையே, கருங்கழுத்துக் கொக்கை 'அழியக்கூடிய' இனங்களின் பட்டியலிலிருந்து ஒரு படி கீழிறக்கி, 'அச்சுறுத்தலை நெருங்கிய' இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-ல் மாற்றியது. திபெத்தில் எண்ணிக்கை கூடியிருப்பதே காரணம். மகிழ வேண்டிய செய்தி. ஆயினும் உலகக் கணக்கு வேறு, ஜெமிதாங் கணக்கு வேறு. அருணாசலத்தின் ஜீரோ பள்ளத்தாக்கிலும் ஒரு காலத்தில் இக்கொக்குகள் வந்துகொண்டிருந்தன. பிறகு வருவது நின்றுவிட்டது. திராங் அருகே சாங்தி பள்ளத்தாக்கில் வரும் ஆண்டும் உண்டு, வராத ஆண்டும் உண்டு.

முடங்கிக் கிடந்த 12 நீர்மின் திட்டங்களை, மொத்தம் 11,500 மெகாவாட்டுக்கும் மேல், மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிடம் ஒப்படைக்க அருணாசல அரசு 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் பெரியது, திபாங் பள்ளத்தாக்கில் திட்டமிடப்பட்டுள்ள 3,097 மெகாவாட் எட்டாலின். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மரங்களை வெட்ட வேண்டிய திட்டம். பல பருவங்களிலும் ஆய்வு செய்து அங்குள்ள உயிரினங்களைக் கணக்கிட வேண்டும் என்று வன ஆலோசனைக் குழு 2017-ல் கூறியிருந்தது. ஆனால் கள ஆய்வு 2018-ல் சில மாதங்களே நடந்தது. ஆண்டின் பிற மாதங்களில் அங்கு என்ன இருக்கிறது என்று அறிவியலாளர்கள் கேட்டனர். 2022 டிசம்பரில் அதே குழு அந்த விண்ணப்பத்தை அப்போதிருந்த வடிவில் ஏற்க மறுத்தது. எட்டு மாதம் கழித்து, திட்டம் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது.